உச்சிக்கிளிக்கு ஒரு கை இடப்பக்கம்

எங்கள் ஊர் ஆண்களுக்கு வானத்தைப் பார்த்து அம்பு விடத் தெரியும். வேறு எதுவும் அவ்வளவாகத் தெரியாது. வாரத்தில் ஆறு நாள் லைய் ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, நார் எடுப்பதற்காக ஆளிச்செடிக் கட்டுகளை ஊறப்போட்டுத் தூக்குவார்கள். ஏழாம் நாள் பூசை முடிந்ததும் என் பீர்க்கடைக்குப் பின்னால் நிற்கும் கம்பத்தடியில் கூடி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, தொண்ணூறு அடி உயரத்தில் செருகியிருக்கும் மரப்பறவைகளை அடிப்பார்கள். பெந்தகோஸ்துக்கு மறுநாள் திங்கட்கிழமை மட்டும் மற்றப் பறவைகளை இறக்கிவிட்டு ஒன்றே ஒன்றை வைப்பார்கள். புறா அளவு இருக்கும், வாலில் சேவல் இறகு. அதற்குப் பெயர் உச்சிக்கிளி. அதை வீழ்த்துகிறவன் ஒரு வருடத்துக்கு ராஜா. கழுத்தில் வெள்ளிச் சங்கிலியைப் போட்டு ஊரைச் சுற்றி வருவார்கள். மறுநாள் காலை ராஜா மறுபடி ஆற்றில் இறங்கி நிற்பார்.

என் பெயர் அலிடா. முப்பது வருடமாக இவர்களுக்குப் பீர் ஊற்றுகிறேன். குடித்துவிட்டுப் பேசுவதையும் கேட்டிருக்கிறேன், குடிக்காமல் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். இதில் யாரையும் உயர்த்திச் சொல்வேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒருத்தியைத் தவிர.

என் கடைக்கு இரண்டு வீடு தள்ளி மரச்செருப்புக்காரன் சிரீல் இருந்தான். அவன் பெண்டாட்டி சுல்மா. ஆளித்தண்டு மாதிரி மெலிந்த பெண், பேச்சும் அப்படித்தான், சுருக்கம். சிரீல் செருப்போடு வில்லும் செய்தான் என்று ஊரில் சொல்வார்கள். வில்லின் பிடிக்கு மேலே அவன் பெயரின் முதலெழுத்தைச் சூட்டுக்கோலால் போட்டிருக்கும். அந்த எழுத்தைப் போட்டது சிரீல்தான், சந்தேகமில்லை. அதற்கு முன்னால் நடந்த எல்லாவற்றையும் செய்தது சுல்மா. கட்டையைப் பிளந்து முரட்டுச் செதுக்கல் செதுக்குவதோடு அவனுக்குத் தாகம் எடுத்துவிடும், என் கடைக்கு வந்துவிடுவான். மிச்சத்தை அவள் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டி, நாண் கட்டி, சுவரில் அறைந்த பலகையில் மாட்டி இழுத்து, வில்லின் எந்தக் கை விறைப்பு, எந்தக் கை தளர்வு என்று பார்த்துப் பார்த்து முடிப்பாள். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததை யாரும் சொல்ல மாட்டார்கள். பொம்பளை செய்த வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் இவர்கள் மீசை உதிர்ந்துவிடும்.

வில்லாளிகளின் புனித செபஸ்தியார் சங்கத்துக்குத் தலைவர் தெயோபீல். ஆளிநார் வியாபாரி. ஆற்றோரம் நாறுகிற கட்டுகளில் பாதி அவருடையவை, தெருவில் பாதி வீடுகளும் அவருடையவை. சிரீல் குடியிருந்த வீடும் அவருடையதுதான். பன்னிரண்டு வருடம் தலைவராக இருந்தும் ஒரு வருடம்கூட அவர் ராஜா ஆனதில்லை. அவருடைய அப்பா மூன்று முறை ஆனவர். ராஜாவாகச் சங்கிலியோடு எடுத்த மூன்று படங்களும் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கின. நாலாவதுக்கு ஆணி அடித்து, அந்த ஆணி துருப்பிடித்துக்கொண்டிருந்தது. இதை எனக்குச் சொன்னது அங்கே தரை துடைக்கும் பெண்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருடம் மார்ச் மாதத்தில் அவர் செருப்புப் பட்டறைக்கு வந்து வாசலில் நின்றார். இரண்டு வருடத்துக்கு முந்திய குளிர்காலப் புயலில் அவர் வீட்டு வாசலில் நின்ற, வில்லுக்கென்றே பேர்போன யூ மரம் சாய்ந்திருந்தது. அவர் அப்பா நட்டது. அதன் அடித்தண்டில் ஓர் ஆள் உயரத் துண்டை வெட்டி, இரு முனையிலும் மெழுகு பூசி, காயட்டும் என்று சிரீல் வீட்டுப் பரணில் போட்டு வைத்திருந்தார்கள். அதிலிருந்து தனக்கு ஒரு வில் வேண்டும் என்றார். பெந்தகோஸ்துத் திங்களுக்குள் வேண்டும். நகரத்திலிருந்து படம் பிடிக்கிறவனை வரச் சொல்லியிருப்பதால் வில் நேராக இருக்க வேண்டும். அப்புறம் தொப்பியைச் சரிசெய்துகொண்டே, அக்டோபர் முதல் தேதி புனித பாவோ திருநாளோடு வீட்டு ஒப்பந்தம் முடிகிறது, தங்கை மகன் அந்த இடத்தை நார்க்கிடங்குக்குக் கேட்கிறான், ஆனால் வில் நன்றாக அமைந்தால் இன்னும் ஒன்பது வருடத்துக்கு எழுதிக்கொடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கும்ங்க ஐயா" என்றான் சிரீல். இன்னும் கட்டையைப் பரணிலிருந்து இறக்கக்கூட இல்லை.

அந்த வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வடக்குப் பார்த்துப் பெரிய ஜன்னல் வைத்த பட்டறை அது ஒன்றுதான். வில்லின் வளைவைப் பார்க்க வடக்கு வெளிச்சம் மாதிரி வேறு கிடையாது என்பாள் சுல்மா, நிழல் நகராது, கண்ணை ஏமாற்றாது. தெற்குச் சுவரில் அவள் கல்யாணமாகி வந்த வருடம் வைத்த பேரி மரம் சுவரோடு சுவராகப் படர்ந்து நின்றது. பிள்ளை இல்லாதவள். அந்த ஜன்னலும் அந்த மரமும்தான் அவளுக்குச் சொத்து. வீடு போனால் ஆலைப்பக்கத்து ஒற்றை அறைகள்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும், அங்கே பகலிலும் விளக்கு வேண்டும்.

கட்டையைப் பிளந்த அன்று நானும் இருந்தேன், பழைய செருப்புக்கு அடி தட்டிக்கொள்ளப் போயிருந்தேன். ஆப்பை வைத்துச் சிரீல் அடிக்க அடிக்க, பிளவு தன் போக்கில் ஓடியது. இரண்டு பாதியாக விழுந்தபோது அவன் வாயை மூடிக்கொண்டான், அது அபூர்வம். நேராக ஒரு சாண் இல்லை. இரண்டு பாதியும் ஒரே மாதிரி இரண்டு இடத்தில் நெளிந்து, நடுவில் ஒரு முடிச்சைச் சுற்றிக்கொண்டு போயின. தெருக்கோடியில் எங்கள் ஆறு திரும்புவதுபோல இருந்தது. உள்ளே சிவந்த வைரம், வெளியே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளை. மரம் அருமையான மரம்தான். கோணல் மரம், அவ்வளவுதான்.

சிரீல் சுண்ணாம்புக் கயிற்றை எடுத்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேர்க்கோடு அடித்துவிட்டு, கோட்டுக்கு வெளியே இருந்ததைப் பார்த்தான்.

"கோடு போடாத" என்றாள் சுல்மா. "மரம் எங்க போகுதோ அங்க போ."

"மரம் அலிடா கடைக்குப் போனா நானும் போகணுமா?"

"நீ மரத்துக்கு முன்னாடியே போயிருவ. இங்க பாரு. நார் இப்படித் திரும்புது. கோட்டு மேல வெட்டினா இந்த எடத்துல நாரைக் குறுக்க அறுத்துருவ. வில்லோட முதுகுல அந்த வெள்ளை ஒரே தோலா முனையிலேருந்து முனை வரைக்கும் ஓடணும். அறுந்த எடத்துல சிம்பு எந்திரிச்சு முறிஞ்சுரும்."

"அவரு நேரா வேணும்னாரு."

"வில்லு வேணும்னாரு."

"நேரான வில்லு வேணும்னாரு சுல்மா. படம் எடுக்கிறாங்க. படத்துல நார் தெரியுமா? கோடுதான் தெரியும். எத்தனை வருஷமா வில்லு செய்யிறேன், எனக்குச் சொல்லித் தர்றியா?"

அதைக் கேட்டதும் சுல்மா என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

அவன் கோட்டின் மேலேயே வெட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வில்லை ஆரம்பம் முதல் கடைசி வரை தன் கையாலேயே செய்தான். தலைவருக்குச் செய்கிற வில்லை வேறு யாரும் தொடக் கூடாதாம். சும்மா சொல்லக் கூடாது, பார்க்க அழகாக இருந்தது. கண்ணாடி மாதிரி வழவழப்பு, பிடிக்குச் சிவப்புத் தோல், முனைகளுக்குக் கொம்பு. நடு முடிச்சை மழித்துச் சமமாக்கி மெழுகால் மறைத்திருந்தான். தினமும் ஒருவனைக் கூட்டிப்போய்க் காட்டினான். பார்த்தவனெல்லாம் நாக்கைச் சப்புக்கொட்டினான். ஆற்றில் நின்று நின்று மூளையும் ஊறிப்போன கூட்டம், நேர்க்கோட்டைப் பார்த்தால் அவர்களுக்கு அது வில்.

மற்றப் பாதியைச் சுல்மா எடுத்துக்கொண்டாள். காலையில் சிக்கரிக் காபி வைத்து, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, பத்து ஜோடி செருப்பைக் குடைந்து முடித்தபின் மத்தியானம் அதில் உட்காருவாள். உருளைக்கிழங்கு வேகிற நேரத்தில் கொஞ்சம், மோர்க்கஞ்சி கொதிக்கிற நேரத்தில் கொஞ்சம். வெள்ளைப் பகுதியில் ஒரு வருட வளையத்தைக் கண்ணால் பிடித்து, அதைத் தாண்டாமல் உரித்துக்கொண்டே போனாள். மரம் திரும்பிய இடத்தில் கத்தியும் திரும்பியது. முடிச்சைத் தொடவில்லை. சுற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சதையை விட்டுவைத்தாள், அதனால் அந்த இடம் முட்டி வீங்கின மாதிரி புடைத்து நின்றது. மேல் நெளிவை மட்டும் கெட்டில் ஆவியில் காட்டிச் சற்று இழுத்து நிமிர்த்தினாள். கீழ் நெளிவு முடிச்சுக்குப் பக்கத்தில் இருந்ததால் அதை அப்படியே விட்டாள், நிமிர்த்தினால் வெடிக்கும்.

"இத வச்சுக் கோழி முடுக்கலாம்" என்றான் சிரீல்.

ஒருநாள்கூட அதை எடுத்து இழுத்துப் பார்த்தானா என்றால் இல்லை. கையில் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் அவன். தான் செய்யாததை மதிக்க மாட்டான், தான் செய்ததையோ அளவுக்கு மீறி மதிப்பான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. சுல்மா என்னைக் கூப்பிட்டாள். பேரி மரம் பூத்து முடிந்திருந்தது. தோட்டத்தின் கோடியில் ஆளித்தாள் பொதியைச் சாய்த்து வைத்து, அதில் ஒரு வெள்ளைத் துணியைக் குத்தி, முப்பது தப்படி தள்ளி நின்று எய்தாள். சங்கத்துக்காரர்கள் பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். நான் அம்பு பொறுக்கினேன். பத்து அம்பும் துணியில் படவில்லை. பத்தும் துணிக்கு வலப்பக்கம் ஒரு கை அகலம் தள்ளி, ஒரே இடத்தில், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு நின்றன.

"கோணிட்டுப் போகுதேடி" என்றேன்.

அவள் பக்கத்தில் வந்து அம்புகளைப் பார்த்தாள். கீழ் நெளிவால் நாண் நடுவில் ஓடவில்லை, ஒரு விரல் விலகி ஓடுகிறது, அதனால்தான் என்று காட்டினாள். சந்தோஷமாக இருந்தாள்.

"எப்பவும் ஒரே பக்கம்தான் தள்ளுது, ஒரே அளவுதான் தள்ளுது" என்றாள். "புருஷங்களவிட நம்பலாம்."

அப்புறம் ஒரு கை இடப்பக்கம் தள்ளிக் குறிவைத்து எய்தாள். துணி நடுவில் தைத்தது.

அந்த வாரமே அவள் ஒரு காரியம் செய்தாள், செய்திருக்க வேண்டாம். அந்த வில்லைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு தெயோபீல் வீட்டுக்குப் போனாள். நேரான வில் தாங்காது, முழுசாக இழுத்தால் முறியும், இதை வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் இடப்பக்கம் பார்த்து எய்தால் போதும் என்று சொல்லத்தான் போனாள். புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, மரத்தின் மேல்தான் பழியைப் போட்டாள். திரும்பி வந்து என் அடுக்களையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். பளிங்குத் தரை என்பதால் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் மிதியடிமேல் நிற்கச் சொன்னாராம். மழையில் நனைந்த காலுறையோடு நின்றிருக்கிறாள். சாக்கைப் பிரித்ததும் உள்ளே திரும்பித் தன் பெண்டாட்டியைக் கூப்பிட்டு, இங்கே வந்து பார், சிரீல் வீட்டில் நாய்க்காலை வில்லாக்கியிருக்கிறார்கள் என்றாராம். இருவரும் சிரித்திருக்கிறார்கள். தரை துடைக்கும் பெண்ணும் சிரித்தாளாம்.

"அப்புறம் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"'எங்கப்பா நட்ட மரம் கோணலா இருக்காது. செய்யிற கைதான் கோணல்'னாரு."

"நீ என்ன சொன்ன?"

"வீடு இருக்கணுமேன்னு பேசாம வந்துட்டேன்."

காபியை ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் ஆறவிட்டுப் போனாள். எனக்கு அந்த ஆளின் மேல் ஏற்கனவே மரியாதை கிடையாது. அன்றைக்குப் பிறகு அவருக்கு ஊற்றும் பீரில் நுரையைக் கூட்டினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

பெந்தகோஸ்துத் திங்கள் காலையில் தூறிவிட்டுப் பத்து மணிக்கு வெளுத்தது. ஆற்றுக்காற்று நாற்றத்தோடு வந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அது சாப்பாட்டு வாசனை. கம்பத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு உள்ளே பெண்கள் வரக் கூடாது, வந்தால் அம்பு திரும்பும் என்று ஒரு நம்பிக்கை. ஆகையால் அன்றைக்கு ஊர்ப் பெண்கள் எல்லோரும் சமையல்தான். சுல்மா எனக்கு உதவிக்கு வந்திருந்தாள். உலர்ந்த பிளம் போட்டு முயல் கறி, அறுபது பேருக்கு. பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலைத் திறந்தால் கம்பம் முழுசாகத் தெரியும், பேச்சும் கேட்கும்.

சம்பிரதாயப்படி முதலில் பெரிய மனிதர்கள் மூவர் எய்வார்கள், ஆளுக்கு மூன்று அம்பு. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். பங்குச் சாமியார் எய்தது கம்பத்தைக்கூடத் தொடவில்லை. ஊர்த்தலைவர் எய்தது என் கூரை மேல் விழுந்தது. இருவருக்கும் கைதட்டினார்கள். அடுத்து தெயோபீல் வந்தார். அன்றைக்கு அவர் ராஜா ஆக வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி முடித்த விஷயம். கம்பத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒடீல் உச்சிக்கிளியை முளையில் அழுத்தாமல் சும்மா உட்காரவைத்திருந்தான், ஒரு பெரிய தும்மல் போதும். மற்றவர்கள் யாரும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். அவருக்கு மட்டும் எத்தனை சுற்று வேண்டுமானாலும் வரும். ஊரில் பாதிப் பேர் அவர் வீட்டில் குடியிருப்பவர்கள், மீதிப் பேர் அவரிடம் கூலிக்குப் போகிறவர்கள். வீரர்கள் கூட்டம்.

படம் பிடிக்கிறவன் மூன்று கால் பெட்டியை நிறுத்தியிருந்தான். தெயோபீல் நேரான வில்லைத் தூக்கிப் பிடித்தார். முதல் அம்புக்குப் பாதிதான் இழுத்தார், அது பாதி உயரம் போய்த் திரும்பியது. இரண்டாவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு காதுவரை இழுத்தார்.

சுல்மா கறிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும் தலையைத் தூக்காமலே, "முடிச்சுக்கு மேல" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். வில்லின் மேல் கை முழுசாகக் கழன்று, நாணோடு சுற்றி வந்து அவர் தொப்பியைத் தட்டிவிட்டிருந்தது. சிம்பு ஒன்று கன்னத்தைக் கீறி ரத்தம் வந்தது. எங்கிருந்தோ ஒருவன் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். தெயோபீல் கைக்குட்டையால் கன்னத்தை அழுத்திக்கொண்டு சிரீலை முன்னால் வரச் சொன்னார்.

"மரத்துல குத்தம் இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "எங்கப்பா நட்ட மரம். செருப்புச் செதுக்குறவன்கிட்ட வில்லு கேட்டது என் குத்தம். சங்கத்துல ஒரு சட்டம் இருக்கு. எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். கம்பத்தடியில் வில் முறிந்தால், செய்தவன் அந்த மரத்திலேயே செய்த வேறொரு வில்லைக் கொண்டுவந்து ஓர் அம்பு எய்ய வேண்டும். குற்றம் மரத்திலா கையிலா என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம். பதில் அம்பு என்று பெயர். என் காலத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், இரண்டு முறையும் எய்தவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் போனான். கேவலப்படுத்துவதற்கென்றே வைத்த சட்டம்.

சிரீல் என் அடுக்களைக்கு ஓடிவந்தான். முகம் மாவு பூசின மாதிரி இருந்தது. சுல்மா ஏற்கனவே கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் அந்தக் கோணல் வில்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"காதுல சொன்னாரு சுல்மா" என்றான், மூச்சு வாங்கியது. "'ஒரு அம்ப வானத்துக்கு விட்டுட்டுப் போ, நான் வேற வில்லு வச்சு முடிச்சுக்கிறேன். வீட்டு விஷயம் அக்டோபர்ல பேசிக்கலாம்'னாரு. பேசிக்கலாம்னாருடி. தப்பிச்சோம்."

"சரி. விட்டுட்டுப் போ."

"ஒடீல் கிளிய ஒட்டாம வச்சிருக்கான். இறகுல உரசினாக்கூட விழுந்துரும். அதுக்காகக் காட்டுப்பக்கம் விடவும் முடியாது, வேணும்னே விட்டேன்னு நகரத்து ஆளு முன்னாடி சிரிப்பாங்க. கிட்டப் போய்த் தப்பணும். இத நான் இழுத்ததே இல்ல, எப்படிப் போகும் இது?"

சுல்மா நாணை ஏற்றினாள். பிடியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். அவசரப்படவில்லை.

"கிளிக்கு எடப்பக்கம் ஒரு கை தள்ளிக் குறி வை" என்றாள். "சரியா ஒரு கை. முழுசா இழு, பயப்படாத, இது முறியாது."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்திருந்தால் ஒரு வீட்டைக் காப்பாற்றியிருப்பேன். திறக்கவில்லை. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதும் இல்லை.

சிரீல் கயிற்றைத் தாண்டி உள்ளே போனான். வில்லைப் பார்த்ததும் சிரிப்பு எழுந்தது, இந்த முறை தாராளமாகச் சிரித்தார்கள், தலைவரே சிரித்துவிட்டாரே. அவன் கம்பத்தடியில் கால்களை ஊன்றினான். அவன் கெட்ட வில்லாளி இல்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சொன்ன இடத்தில் குறிவைக்கத் தெரியும். அண்ணாந்தான், முழுசாக இழுத்தான், கிளிக்கு இடப்பக்கம் சரியாக ஒரு கை தள்ளி விட்டான்.

கிளி நடு மார்பில் அடிபட்டு, இறகு வேறு கட்டை வேறாகக் கீழே வந்தது.

சிரீல் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றான், கிளி திரும்பப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று எதிர்பார்த்த மாதிரி. முரசுக்காரனுக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. கிளி விழுந்தால் முரசு அடிக்க வேண்டும் என்பது அவனுக்குச் சொல்லியிருந்த வேலை, அடித்தான். அடித்தபின் வேறு வழியில்லை. பங்குச் சாமியார் வெள்ளிச் சங்கிலியை எடுத்துச் சிரீல் கழுத்தில் போட்டார். தெயோபீல் கைகுலுக்க வேண்டும், குலுக்கினார், இடது கையால் கன்னத்தைப் பிடித்தபடி. படம் பிடிக்கிறவன் புதியவன், பாவம். வில்லைக் கொஞ்சம் நேராகப் பிடியுங்கள் என்று மூன்று முறை சொன்னான். நேராகத்தான் பிடித்திருக்கிறேன் என்று மூன்று முறையும் சிரீல் பதில் சொன்னான். அந்தப் படம் இன்னும் என் கடையில் இருக்கிறது. தூக்குமேடையில் ஏற்றப்பட்டவன் மாதிரி அதில் நிற்கிறான். வில் அழகாக இருக்கிறது.

ஆண்கள் ஊர்வலம் போனபின் அடுக்களையில் நாங்கள் இருவர்தான் இருந்தோம்.

"வீடு போகும்டி" என்றேன்.

"தெரியும்."

"அந்த மிதியடிக்காகவா?"

கறியை இறக்கி வைத்தாள். கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்.

"அது எரிச்சல்தான், ஆனா அதுக்காக இல்ல. மரத்துல குத்தம் இல்ல, கையிலதான் குத்தம்னாரு. அத்தனை பேர் முன்னாடி. அந்தாளு வாயால சொன்னதுல மரத்தப் பத்தின பாதி சரி. கையப் பத்தின மீதிப் பாதிக்கும் யாராவது பதில் சொல்லணும்ல."

செப்டம்பரில் பேரிக்காய் பறித்தாள். மூன்று கூடை காய்த்திருந்தது, அந்த மரம் அவ்வளவு காய்த்ததே இல்லை. பாவோ திருநாள் காலையில் கைவண்டியில் சாமானை ஏற்றினார்கள். சிரீல் உதவ வந்தவர்களிடம் காற்றை எப்படிக் கணக்குப் பண்ணி அந்த அம்பை விட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆகஸ்டுக்குள்ளேயே அவன் தன்னைத்தானே நம்பவைத்துவிட்டான், பணக்காரனுக்குப் பயப்படாமல் எய்தேன் என்று வெளியூர்ப் பீர்க்கடைகளில் சொல்லிக் குடித்தான். சுல்மா அந்த வடக்கு ஜன்னலின் கதவை உள்ளேயிருந்து சாத்திவிட்டு, தெற்குச் சுவரடியில் போய் நின்று அழுதாள். நான் பார்த்தேன். அவள் அழுததை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. தெயோபீலின் தங்கை மகன் அடுத்த வாரமே மரத்தை வெட்டிவிட்டு அங்கே நார்க்கட்டு அடுக்கினான்.

ஆலைப்பக்கத்து ஒற்றை அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்துதான் வில் சுரண்டுகிறாள், மழை வந்தால் நிறுத்துகிறாள். அந்த வருடம் வில் கேட்டு நான்கு ஊரிலிருந்து ஆள் வந்தது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள், ஒருவன் கோணலாகத்தான் வேண்டும் என்றான். எல்லாவற்றிலும் சிரீலின் எழுத்துதான் சூடுபட்டிருக்கிறது.

மறு வருடப் பெந்தகோஸ்துத் திங்களன்று தெயோபீல் உடம்பு சரியில்லை என்று வராததால், அவருடைய மூன்று அம்பும் ராஜாவான சிரீலுக்கு வந்தன. ஒரு வருடமாகச் சுவரில் தொங்கிய கோணல் வில்லை அன்றைக்குத்தான் மறுபடி எடுத்தான். இடையில் ஒரு நாள் இழுத்துப் பார்த்தானா என்றால் அதுவும் இல்லை. சிரீல் சங்கிலியை மார்பில் சரிசெய்துகொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நேராகக் கிளியைப் பார்த்துக் குறிவைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் கிளிக்கு வலப்பக்கமாக ஒரே தடத்தில் போய் ஆற்றங்கரையில் விழுந்தன.

"கட்டை கோணல்ப்பா" என்று அவன் சொன்னது அடுக்களைவரை கேட்டது.

சுல்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முயல் கறியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

"வலப்பக்கம். மூணும்."

"எவ்வளவு?"

"ஒரு கை" என்றேன்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதி, உப்புப் பார்த்தாள்.

"அப்ப வில்லு நல்லாத்தான் இருக்கு" என்றாள்.